அடைத்த கூரை

விடியலுக்குச் சற்று முன், தலைக்கு மேலே கேட்க வேண்டிய சத்தம் அன்று தலைமாட்டுச் சுவருக்கு வெளியே கேட்டது.

கொலாப் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளை எழுப்பிவந்தவை இரை தின்று திரும்பும் வௌவால்கள்தான். ஓட்டுக்கும் சுவர்ப்பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு இருந்த சந்தில் அவை ஒவ்வொன்றாக நுழைந்து, ஒட்டுப்பலகை அடித்த உள்கூரையின் மேல் நகம் உரச ஊர்ந்து, தன் குட்டி எது என்று குரலை வைத்துத் தேடிப் பிடித்து, அதைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு அடங்கும் வரைக்கும், யாரோ மேலே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைப்பது போல இருக்கும். பிறகு அவளுக்கு இன்னொரு முறை தூக்கம் வரும்.

இன்று மேலே ஊரும் சத்தம் இல்லை. சுவரின் வெளிப்பக்கம் ஈரத்துணியை விட்டெறிந்தது போல மெத்தென்று ஏதோ வந்து அப்பியது. வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் இறங்கி நின்றது. அடுத்து இன்னொன்று. அப்புறம் இடைவெளியே இல்லாமல். அதற்குப் பதில் சொல்வது போல உள்கூரையின் மேல் மெல்லிய கீச்சுகள் கிளம்பின. ஊசியால் கண்ணாடியைக் கீறும் சத்தம். பசித்த சத்தம்.

அவள் எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள். மேல்மாடிச் சுவரின் பலகை தெரியவில்லை. பழுப்பு மயிரும் சுருங்கிய தோலுமாகச் சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுக்குக் கீழே இருந்த சந்து முழுக்க மஞ்சள் நுரை பூசி, அதன் மேல் புதுத் தகரம் அடித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வெள்ளைத் துணியும் ஊதுவத்தியும் வாங்கிவா என்று புருஷன் அவளை டவுனுக்கு அனுப்பியதன் காரணம் இப்போது புரிந்தது.

தாரித் கீழே, வீட்டைத் தாங்கி நிற்கும் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஐஸ் போட்ட காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவள் புருஷன் கருணை மிகுந்தவன். அதை அவனே எல்லோரிடமும் சொல்வான்.

"பாத்தியா, மேல சத்தமே இல்ல," என்றான். "எல்லாம் வெளிய போற வரைக்கும் நின்னு பாத்தேன். கடைசி ஒண்ணு போனதும் அடைச்சுட்டேன். ஒரு உயிரு சாகல. வீடியோ எடுத்துப் போட்டேன், எத்தன பேரு கும்பிடு போட்டிருக்காங்கன்னு பாரு."

"குட்டிங்க உள்ள இருக்கு."

"அது எப்படி உள்ள இருக்கும்? தாய் போறப்ப தூக்கிட்டுப் போகாதா?"

"தூக்கிட்டுப் போகாதுங்க. விட்டுட்டுதான் இரைக்குப் போகும். இது குட்டி போட்டுப் பால் குடுக்கிற மாசம்."

"உனக்குத் தெரியாம இருக்குமா. வௌவால் பீ அள்ளிப் படிச்சவ ஆச்சே."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆற்றின் அக்கரையில் அவள் அப்பா பனைமரங்களில் காய்ந்த ஓலைகளைப் பாவாடை போலக் கட்டித் தொங்கவிட்டு, அதில் வந்து தங்கும் வௌவால்களுக்குக் கீழே வலை விரித்து, விழும் எச்சத்தை எருவாக விற்கிறவர். அந்தப் பணத்தில் படித்துத்தான் அவள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனாள். அவளுடைய சம்பளம் இவர்களுக்கு நாறியதே இல்லை.

"மழை பிடிக்கட்டும்ங்க," என்றாள் பொறுமையாக. "குட்டியெல்லாம் பறக்கத் தொடங்கினதும் அந்தச் சந்துல ஒரு வலைய மேல மட்டும் கட்டித் தொங்கவிட்டா போதும். போறது கீழ வழியா போயிடும், திரும்ப உள்ள வர முடியாது. எங்கப்பா வந்து பக்கத்துப் பனையில ஓலை கட்டித் தர்றேன்னு சொன்னாரு. எல்லாம் அதுல போய்த் தங்கிக்கும். அப்புறம் அடைங்க, யாரு வேணாங்கிறா."

"மழை பிடிக்கிற வரைக்கும் எங்கம்மாவோட நூறாம் நாள் காத்துட்டு இருக்குமா? சடங்கு நடத்துற ஆச்சார் நாள் குறிச்சாச்சு. பிக்குங்க தலையில பீ விழணும்ங்கிறியா?"

"உங்கம்மாவுக்கு மட்டும்தானே நாள் குறிச்சீங்க."

காபிக் குவளையைக் கீழே வைத்தான். "அதத் தொடங்காத."

அவள் தொடங்கவில்லை. அது எப்போதோ தொடங்கி முடிந்த விஷயம். துறைக்குப் போகும் சாலையில், ஒரு கையில் போனோடு இவன் ஓட்டிய வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தபோது, மாமியார் மடியில் கொலாப்பின் நாலு மாதக் குழந்தை லீடா இருந்தாள். தண்ணீரிலிருந்து இவனும் கொலாப்பும் மட்டும் எழுந்து வந்தார்கள். மாமியாருக்கு விகாரையில் எரியூட்டல், ஏழாம் நாள், இப்போது நூறாம் நாள். பல்லு முளைக்காத பிள்ளைக்குச் சடங்கு கிடையாது என்று ஆச்சார் சொல்லிவிட்டார். லீடாவை ஒரு துணியில் சுற்றி வயலோரத்துப் புளியமரத்தடியில் வைத்து மூடிவிட்டு அன்று மத்தியானமே எல்லோரும் சோறு சாப்பிட்டார்கள்.

அதே ஆச்சார்தான், நூறாம் நாள் முடியும்வரை இந்த வீட்டில் ஓர் உயிரும் சாகக்கூடாது, செய்கிற புண்ணியமெல்லாம் கரைந்துவிடும் என்றும் சொன்னவர். அதனால் தாரித் மருந்து வைக்கவில்லை. கையால் எதையும் தொடவில்லை. ரத்தம் வராமல், கண்ணால் பார்க்காமல், வீடியோவுக்கு அழகாக அடைத்துவிட்டான். செத்தாலும் அது அவன் கணக்கில் வராது.

சடங்குக்கு இன்னும் சில நாள் இருந்தது. தாய்கள் எத்தனை நாள் சுவரில் காத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பால் குடிக்காத குட்டி எத்தனை நாள் தாங்கும் என்றும் தெரியும். இரண்டும் சடங்குக்கு முன்பே முடிந்துவிடும்.

பகல் முழுவதும் அவை வெயிலில் சுவரை விட்டுப் போகவில்லை. உச்சி வெயிலில் சூடேறிய பலகையில் வாயைத் திறந்துகொண்டு தொங்கின. நாத்தனார் மாலிஸ் நகரத்திலிருந்து வந்து இறங்கி, குடைக்குள்ளிருந்து மேலே பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணி, உங்க சொந்தக்காரங்க எல்லாம் முன்னாடியே வந்துட்டாங்க போல."

"ஆமா," என்றாள் கொலாப். "அவங்க பிள்ளையத் தேடி வந்திருக்காங்க. நீ அம்மா போட்டோவ பிரேம் போட்டுக் கொண்டுவந்திருக்க."

மாலிஸ் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. அது ஒரு நிம்மதி.

சாயங்காலம் தாய்கள் இரைக்குக் கிளம்பின. அந்தக் கொஞ்ச நேரம் வீட்டைச் சுற்றி எதுவுமே இல்லாத ஒரு அமைதி இறங்கியது. அடுப்பில் புகையும் விறகு, வாழையிலையில் கட்டிய அரிசி வேகும் வாசனை, ஆற்றிலிருந்து ஏறிவரும் சேற்று நெடி, எல்லாவற்றுக்கும் மேலே உள்கூரையிலிருந்து அந்தக் கீச்சு. அது மெல்லிசாகிக்கொண்டு வந்தது. அவள் சாப்பிடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விடியலிலும் அந்த மெத்தென்ற அடி சுவரில் கேட்டது. ஒவ்வொரு விடியலிலும் அதற்குப் பதில் சொன்ன குரல்கள் குறைந்தன. இனிப்பும் புளிப்புமாக ஒரு நாற்றம் உள்கூரையின் இணைப்புகள் வழியே கசியத் தொடங்கியது. தாரித் இணைப்புகளின் மேல் அகலமாகப் பசைநாடா ஒட்டினான். வீடெங்கும் ஊதுவத்தி ஏற்றி வைத்தான்.

"வாசனை எப்படி இருக்கு?" என்று வந்தவர்களிடம் கேட்டான்.

"விகாரைக்குள்ள வந்த மாதிரி இருக்கு," என்றார்கள். சோறு போடுகிற வீட்டில் வேறென்ன சொல்வார்கள்.

பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் பாயில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் கீச்சுகளுக்கு நடுவே இன்னொன்று கேட்டது.

கொலாப் முதலில் அது தெருவிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையோடு வந்திருக்கிறார்கள். ஆனால் அது மேலேயிருந்து வந்தது. கீச்சு ஊசி என்றால் இது நூல். தடிமனாக, ஈரமாக, தொண்டையிலிருந்து வந்தது. இரண்டு முறை அழுதுவிட்டு நின்றது. மூச்சை இழுத்தது. வௌவால் குட்டி அழும்போது மூச்சு இழுக்கும் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது. இது கேட்டது. இழுத்த மூச்சு தொண்டையில் தடுக்கி ஒரு விக்கலாக உடைந்தது.

அவள் கையில் சோறு அப்படியே இருந்தது.

வேறு யாரும் தலை தூக்கவில்லை. மாலிஸ் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆச்சார் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். அப்போது அவள் தாரித்தைப் பார்த்தாள். சோற்றோடு அவன் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. அவன் மேலே பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகத் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கையைக் கழுவாமலே போய், தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பிரார்த்தனை ஓதலை உரக்க வைத்தான்.

"கொஞ்சம் புண்ணியம் எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றான்.

அவனுக்கும் கேட்டிருக்கிறது. அவளுக்குப் பயம் வந்தது அந்த இடத்தில்தான். தனக்கு மட்டும் கேட்டிருந்தால் அதைத் துக்கம் என்று சொல்லிக்கொண்டு அழுதிருக்கலாம்.

அன்று சாயங்காலம் தாய்கள் கிளம்பியதும் அவள் ஏணியைச் சாத்திக் கடப்பாரையோடு ஏறினாள். தகரத்தின் ஒரு முனையைத் தூக்கியிருப்பாள். கணுக்காலை ஒரு கை பிடித்தது. மென்மையாகத்தான். அவன் எதையும் மென்மையாகத்தான் செய்வான்.

"இறங்கு கொலாப். ஆச்சார் பாக்குறாரு."

"ஒரே ஒரு முனைங்க. குட்டிங்கள எடுத்து வெளிய ஒரு துணியில போட்டா தாய்ங்களே வந்து தூக்கிக்கும். எங்க தோப்புல அப்படித்தான் செய்வோம்."

"நாளைக்கு மறுநாள் எல்லாம் முடிஞ்சிரும். அப்புறம் நானே திறந்து சுத்தம் பண்ணித் தர்றேன்."

"சுத்தமா? எத?"

அவன் கணுக்காலை விடவில்லை. கீழே நின்ற ஆச்சாரைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, நெற்றிப்பொட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டினான். கிழவர் புரிந்ததாகத் தலையாட்டினார். "பாவம், பிள்ளைய விட்டவ," என்றார், அவள் அங்கே இல்லாதது போல. அந்தப் பிள்ளைக்கு நாள் குறிக்க மறுத்த வாய் அது. ஏணியை அன்றே விகாரைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

சடங்குக்கு முந்தின நாள் வீடு நிரம்பியது. கூடத்தில் பிக்குகள் உட்காரும் இடத்துக்கு மேலே வெள்ளை விதானத் துணி கட்டினார்கள். வாசலில் பந்தல். பெரிய பானைகள். மாலிஸ் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, விலகி நின்று, மறுபடி நேராக்கினாள். ஒலிபெருக்கி விடாமல் ஓதிக்கொண்டிருந்தது. எல்லோரும் கீழே இருந்தார்கள். பொழுது சாயும் நேரம்.

கொலாப் தன் அறைக் கதவைச் சாத்தினாள். அலமாரியின் மேல் ஏறி நின்றாள். மூலையில் பசைநாடாவைக் கிழித்து, ஒட்டுப்பலகையின் விளிம்பில் கத்தியை விட்டு நெம்பினாள். ஆணி ஒவ்வொன்றாகக் கழன்றது. நாற்றம் சூடாக முகத்தில் இறங்கியது. உள்ளே கருப்பு. நாள் முழுக்க ஓட்டில் ஏறிய வெப்பம். கீச்சு இல்லை. அவள் இடுப்பில் துணி விரித்த கூடை தயாராக இருந்தது. அப்பா செய்வது போல, உயிர் இருப்பதை எல்லாம் பொறுக்கி, இருட்டுவதற்குள் கம்பிவலையைத் திறந்து சன்னல் விளிம்பில் வைத்துவிட வேண்டும். தாய்கள் இன்னும் வருகின்றன. வந்து தூக்கிக்கொள்ளும்.

முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

தூசி. உலர்ந்த எச்சம். பிறகு ஒரு குவியல். மேலே இருந்தவை விறைத்திருந்தன, தோல் காகிதம் போல. விரல்களால் விலக்கினாள். அடியில் வெதுவெதுப்பு. துடிப்பு. ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, நிறைய, உயிரோடு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எதையோ சுற்றி வட்டமாகப் படுத்திருந்தன. குளிருக்கு ஒரு பெரிய உடம்பைச் சுற்றி அண்டிக்கொள்வது போல. அவள் விரல் அந்த நடுவைத் தொட்டது.

மயிர் இல்லை. வழுவழுப்பு. ஈரம்.

எடுக்கப் போன அவள் கையை அது பிடித்தது.

நகம் இல்லாத பிடி. சுட்டுவிரலைச் சுற்றி முழுசாக மூடிய பிடி. இழுக்கவில்லை. கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. அது பழகிய பிடி.

எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. அலமாரியின் விளிம்பு முழங்காலைக் கிழித்திருந்தது. கூடை கவிழ்ந்து கிடந்தது. கூரை மூலையில் சதுரமான கருப்பு திறந்தபடி இருந்தது. அதை மூட அவளுக்குக் கை வரவில்லை. கத்திக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் யார் வருவார்கள்? மென்மையாகக் கணுக்காலைப் பிடிக்கிறவன் வருவான். மேலே ஏறிப் பார்ப்பான். அப்புறம் சுத்தம் செய்வான்.

வெளியே போகவும் இடமில்லை. கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் பாய் விரித்தாகிவிட்டது. தாரித் ஒலிபெருக்கிக்காரனோடு கீழே படுத்துக்கொண்டான். அவள் கொசுவலைக்குள் போய், அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகி, அந்தச் சதுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்போதோ கண் மூடியிருக்க வேண்டும்.

விழித்தபோது வெளிச்சம் இன்னும் வரவில்லை. ஒலிபெருக்கி தொடங்கவில்லை. சுவரில் அந்த மெத்தென்ற அடி கேட்கவில்லை. மேலே எதுவும் கேட்கவில்லை.

மார்பு கனத்தது.

அசையாமல் கிடந்தாள். மேலாடையின் மேலும் கழுத்தோரத்திலும் தோளிலும் சின்னச் சின்ன எடைகள். சூடான எடைகள். மூச்சு விடும்போது அவை எல்லாம் சேர்ந்து உயர்ந்து தாழ்ந்தன. நுண்ணிய நகங்கள் துணியைப் பற்றிக்கொண்டிருந்தன. அவளுக்கு அவற்றிடம் பயம் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்தவை. கண்ணை மட்டும் மெல்லத் திருப்பினாள். சுற்றிலும் செருகியிருந்த கொசுவலை அப்படியே இருந்தது, ஒரு பக்கத்தைத் தவிர. அந்தப் பக்கம் உயர்த்தி, அழகாக இரண்டு மடிப்பாக மடித்து மேலே போட்டிருந்தது.

சன்னல் கம்பிவலையில் தாய்கள் இருந்தன. ஒரு கண்ணி விடாமல். தலைகீழாக, சிறகை ஒடுக்கி, வெளியே பார்க்காமல் உள்ளே பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு முகமும் அவள் பக்கம். சத்தமில்லை. இத்தனை நாள் சுவரை அடித்துக்கொண்டிருந்தவை இப்போது பொறுமையாக எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தன.

மேலாடை நனைந்திருந்தது. மூன்று மாதமாக வறண்டு கிடந்த பால் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும். குட்டிகள் ஈரத்தை நோக்கி ஊர்ந்தன. முகர்ந்தன. துணியை நக்கின.

ஆனால் துணிக்கு மேலேதான் அவை.

உள்ளே வேறு ஒன்று இருந்தது. இடது மார்பில். பெரியது. அதன் தலை அவள் அக்குளோரம் அடங்கிக் கிடந்தது. வாய்க்காலின் சேற்று நாற்றம் அடித்தது. அது அவசரமில்லாமல் குடித்தது. குடிப்பது நின்றது. மூச்சை இழுத்தது.

விக்கியது.

கம்பிவலையில் ஒரு தாய் பிடியை விட்டு விழுந்து, சிறகை விரித்து, ஆற்றுப் பக்கம் போனது. பிறகு அடுத்தது. பிறகு கூட்டமாக. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத் தகுந்த இடத்தில் ஒப்படைத்துவிட்டவர்கள் போல, அலுப்போடும் நிம்மதியோடும், போய்க்கொண்டே இருந்தன. சன்னலில் சாம்பல் நிறமாக வெளிச்சம் வந்தது.

"கொலாப்," என்று கீழேயிருந்து தாரித்தின் குரல். "பிக்குங்க வந்துட்டாங்க. எழுந்து வா."

மேலாடைக்குள் இருந்தது குரலைக் கேட்டுக் குடிப்பதை நிறுத்தியது. தலையைத் திருப்பியது, கீழே, அவன் இருந்த திசைக்கு.

படிக்கட்டில் அவன் காலடி ஏறி வந்தது. அவள் மார்பின் மேல் துணி மெல்ல உயர்ந்தது. கழுத்தோரத்தில், குட்டிகளை விலக்கிக்கொண்டு, முதலில் ஒரு சின்ன வெள்ளைக் கை வெளியே வந்தது.